புது உலோகம்

காலைக் காப்பிக்கு முன்னால் நஞ்சப்பன் காரை முகர்ந்து பார்ப்பார். கொட்டகையின் இரும்புக் கதவைத் தூக்கிவிட்டு, சிவப்புக் காரின் முன்மூடியைத் திறந்து, இரண்டு கார்புரேட்டர்களுக்கும் நடுவே மூக்கைக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். பெட்ரோல் வாசம் வராவிட்டால் நல்ல நாள். அந்த நேரத்தில் வெளியே மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டுநரே இல்லாத தானோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் தூங்குவார்கள், தலை வாருவார்கள், இட்லி சாப்பிடுவார்கள். பெட்ரோல் வாசம் எப்படி இருக்கும் என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

அன்று குனிந்து முகர வேண்டியிருக்கவில்லை. கதவைத் தூக்கியதுமே வாசம் முகத்தில் அடித்தது. பின்பக்கத்துக் கார்புரேட்டரின் கீழே தரை நனைந்திருந்தது.

காப்பி டம்ளரோடு வந்த குமுதவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். போன தடவை வரும்போது தீப்பிடிச்சுதா?"

"தீயெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் பொகை வந்துச்சு."

"குமுதா, எக்ஸாஸ்ட் குழாயெல்லாம் கரியா இருக்குது. உன்ற கையிலயும் கொப்புளம் இருக்குது. நான் கேக்கவேண்டாம்னு பாத்தேன்."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "மூணாவது கொண்டை ஊசி வளைவுல ஒரு சொட்டு சூட்டுல விழுந்து பத்திக்கிச்சு. மண்ணை அள்ளிப் போட்டு அணைச்சேன். அவ்வளவுதான். சரி பண்ணிக் குடுங்க. மகிழினிக்கு மாசம் நெருங்கிடுச்சு. நான் போயே ஆகணும்."

இங்கிலாந்தில் செய்யப்பட்டு நூறு வயதைத் தாண்டிவிட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார் அது. குமுதவல்லியின் பாட்டனார் ஒரு தேயிலை எஸ்டேட் மேனேஜரிடமிருந்து வாங்கியது. வீட்டில் அதை ஓட்டுகிறவள் அவள். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மாவட்டத்தில் கைச்சாரதி உரிமம் வைத்திருந்த மிகச் சிலரில் அவளும் ஒருத்தி. நஞ்சப்பன் இஞ்சினைப் பார்த்துக்கொள்வார்.

சாலைகளையும் வண்டிகளையும் ஒரே வலையாக இணைக்கும் தடவலை வந்த பிறகு மனிதர்கள் கையால் வண்டி ஓட்டுவது நின்றுபோனது. எல்லா வண்டிகளையும் தடவலையே ஓட்டியது. விபத்து என்ற சொல்லையே பிள்ளைகள் பாடத்தில்தான் படித்தார்கள். ஒரே ஒரு விலக்கு இருந்தது. பழைய வண்டியின் உலோகம் முழுவதும் செய்யப்பட்ட காலத்து உலோகமாகவே இருந்தால், அது மூலநிலை வண்டி. அதைக் கையால் ஓட்டலாம். ரப்பரை மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம், பசை வைக்கலாம். உலோகத்தில் ஒரு துண்டு புதிதாகச் சேர்ந்தாலும் அது புது வண்டி. தடவலையில் சேர்ந்துவிட வேண்டும்.

வேறு ஊரில் வேறு மனிதர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கின் விதி. குமுதவல்லிக்கு அப்படி இல்லை. அவர்கள் மகள் மகிழினி மேல்மலையில், கருங்கொம்பையில் இருந்தாள்.

பெரிய மண்சரிவுகளுக்குப் பிறகு, மேல்மலைச் சாலைகளைப் பராமரிக்க முடியாது என்று அரசு அவற்றைத் தடவலையிலிருந்து நீக்கிவிட்டது. தானோடிகள் மலைச் சாலையின் தடுப்புச் சாவடியான 'மலை கேட்'டோடு நின்றுவிடும். மேலே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இறங்கி வந்துவிட்டார்கள். கருங்கொம்பையில் சில குடும்பங்கள் மறுத்துவிட்டன. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாதத் தடுப்பூசி முகாமுக்காக அங்கே போன மகிழினி, பொன்னன் என்ற காப்பித் தோட்டக்காரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அந்த ஊருக்கு இருந்த ஒரே நர்ஸ் அவள்தான்.

மருந்துப் பெட்டியை ட்ரோன் கொண்டுபோய்ப் போடும். ஆளைக் கொண்டுபோகாது. மேலே இருப்பவர்கள் கேட்டைத் தாண்டி இறங்கினால் ஊரை விட்டவர்களாகக் கணக்கு. திரும்ப ஏற அனுமதி கிடையாது. கீழே இருப்பவர்களுக்கும் அதே மாதிரி. மூலநிலை வண்டியில் ஏறுகிறவர் விருந்தாளி, போய்த் திரும்பலாம். நடந்து ஏறுகிறவர் குடியேறியவர். அவர் பெயர் கீழே வசிப்பவர்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிடும், திரும்பி வர முடியாது.

மாதம் ஒருமுறை குமுதவல்லி மட்டும் போய்வந்தாள். நஞ்சப்பனால் முடியாது. அவர் நெஞ்சுக்குள் வைத்திருந்த சீராக்கி, தடவலையின் சைகையைக் கேட்டுத்தான் இதயத்தை ஓட்டியது. கேட்டைத் தாண்டினால் சைகை கிடையாது. ஒரு நாள் தாக்குப்பிடிக்கலாம், அதற்குமேல் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அந்த ஒரு நாளும் வேண்டாம்" என்று குமுதவல்லி முடிவு செய்திருந்தாள். அதனால் மனைவி கிளம்பிய நாட்களில் எல்லாம் அவர் கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டு, இஞ்சின் சத்தம் திரும்பிவரும்வரை உட்கார்ந்திருப்பார்.

இந்த முறை அவர் கார்புரேட்டர்களை முழுவதுமாகக் கழற்றினார். கிண்ணத்தைத் திறந்து, பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே திரவம் புகவில்லை. அதன் ஊசியை எடுத்துத் துடைத்து ரப்பர் முனையை மாற்றினார். எல்லா ரப்பர் வாஷர்களையும் புதிதாக வெட்டிப் போட்டார். இப்போது கிடைத்த செயற்கைப் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். பெரும்பாலும் கோளாறு அதில்தான் இருக்கும். திரும்ப மாட்டி இஞ்சினை ஓடவிட்டார். முதலில் ஒரு சொட்டும் இல்லை. சூடேறியதும் கிண்ணத்தின் அடியில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று தோன்றியது. அவர் துடைத்தார். திரும்பவும் வந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது புரிந்தது. வார்ப்பிலேயே விரிசல். கிண்ணத்தில் தொடங்கி உடலுக்குள் ஓடியது. ரப்பரால் தீரும் காரியமில்லை.

"பத்தவைக்க முடியாதா?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"இந்த வார்ப்பு சூடு தாங்காது, பொடிஞ்சு போயிரும். தாங்கினாலும் வெல்டிங் கம்பியே புது உலோகம்தானே."

"பசை?"

"வெச்சுப் பாக்கறேன்."

வைத்தார். இரண்டு நாள் காயவிட்டு ஓட்டிப் பார்த்தார். பசை சூட்டில் இளகி, அதே கோடு திரும்ப வந்தது. பூனாவில் பழைய உதிரிகளைச் சேர்த்து வைத்திருந்த ஒருவரிடம் அதே காலத்து கார்புரேட்டர் ஒன்று இருந்தது. பரிசோதனைச் சான்று வாங்கி அனுப்ப ஒரு மாதம் ஆகலாம் என்றார் அவர். மகிழினிக்குச் சொல்லியிருந்த தேதிக்கு அவ்வளவு நாள் இல்லை.

"அப்போ இப்படியே போறேன். நடுவுல நிறுத்தி நிறுத்தித் தொடச்சுக்கறேன்" என்றாள் குமுதவல்லி.

"பைத்தியமா உனக்கு? போன தடவை மண்ணு கெடச்சுது. பாறை மேல நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நான் போகலைன்னா அவளுக்கு யாரு பிரசவம் பாப்பாங்க? அவளே அவளுக்குப் பாத்துக்குவாளா? முப்பது வருசம் ஊராம் புள்ளைங்களுக்குப் பாத்தேன். என்ற புள்ளைக்குப் பாக்கவேண்டாமா? ஒழுகினா ஒழுகட்டும். நான் போறேனுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சண்டை போட ஒரு வழி கிடைத்திருக்கும்.

மறுநாள் நஞ்சப்பன் காந்தி மைதானத்துக்குப் பின்னால் உலோக அச்சகம் வைத்திருந்த ஜெபராஜிடம் போனார். கார்புரேட்டர்கள் இரண்டையும் மேசைமேல் வைத்தார். முப்பரிமாண அச்சுப்பொறியில் எந்த உதிரிபாகத்தையும் ஒரு மதியத்துக்குள் எடுத்துத் தந்துவிடுவார் ஜெபராஜ். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"அண்ணா, இது உங்க மூலநிலை வண்டியோடதாச்சே. நான் எடுத்துக் குடுத்தா மூலநிலை போயிருமே."

"ஊருக்குள்ள யாரு பாக்கறா?"

"ஊருக்குள்ள பாக்கமாட்டாங்க. ஆனா உலோகத் தூள்லயே புதுசுன்னு காட்டிக்குடுக்கற குறித்துகள் கலந்துதான் கம்பெனியிலிருந்து வருது. நான் நெனச்சாலும் பிரிக்க முடியாது. மலை கேட்டுல இருக்கற சென்சார் படிச்சிரும். தடுப்பு எறங்கிரும். அக்கா திரும்பி வரவேண்டியதுதான்."

"தெரியும்."

ஜெபராஜ் அவரையே பார்த்தார். "தெரிஞ்சேவாண்ணா கேக்கறீங்க?"

நஞ்சப்பன் கார்புரேட்டர்களை அவர் பக்கம் தள்ளினார். "ரெண்டும் ஒரே மாதிரி தெரியணும், ரெண்டையும் எடுத்துக் குடுத்துரு" என்றார்.

வழியெல்லாம் அவர் தனக்குள் கணக்குப் போட்டார். கேட்டில் மறித்துவிடுவார்கள். குமுதா கோபத்தோடு திரும்பி வருவாள். ஒரு வாரம் பேசமாட்டாள், ஒரு மாதம்கூடப் பேசாமல் இருக்கட்டும். உயிரோடு இருப்பாள். மகிழினி வேறு வழியில்லாமல் இறங்கி வருவாள். நல்ல ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கும். ஒரு பொய்யால் இரண்டு பேரும் பத்திரம்.

புது கார்புரேட்டர்கள் வெள்ளிபோல் பளபளத்தன. அவர் கரியையும் பழைய எண்ணெயையும் குழைத்து அவற்றின்மேல் பூசினார். மூலைகளில் அழுக்கு இருக்கவேண்டிய இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை முடிந்தபோது, முகர்ந்து பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது. முகர்ந்தால் பெட்ரோல் வாசமே இல்லை.

"பசை புடிச்சுக்கிச்சா?" என்று ஆச்சரியப்பட்டாள் குமுதவல்லி.

"புடிச்சுக்கிச்சு."

கிளம்பும் காலையில் துணிப்பை, மருந்துப் பை, வெந்நீர் பிளாஸ்க், கைக்குழந்தைக்கான பழைய மெல்லிய சேலைத் துண்டுகள் எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையில் அடுக்கினாள். இஞ்சினை முடுக்கினாள். அது ஒரே சீராக உறுமியது.

"என்னங்க இது, கொமரியாட்டம் ஓடுது!" என்று சிரித்தாள். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

நஞ்சப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மை வாய் வரைக்கும் வந்தது. "குமுதா" என்றார்.

"என்னங்க?"

"பாத்துப் போ."

அவள் போய்விட்டாள். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

மலை கேட்டில் ஆக்னஸ் என்ற இளம்பெண் காவலுக்கு இருந்தாள். குமுதவல்லியை அவளுக்கு நன்றாகத் தெரியும். சிவப்புக் கார் வருவதைப் பார்த்ததுமே கை அசைத்தாள். கார் கம்பத்தை நெருங்கியபோது தடுப்பு இறங்கியது.

"என்ன கண்ணு, தூக்கி விடு."

"நான் எறக்கலம்மா. அதுவா எறங்கிருச்சு." ஆக்னஸ் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "உங்க வண்டியில புது உலோகம் இருக்குன்னு காட்டுதும்மா."

"இந்த வண்டியிலயா? என்ற பாட்டன் காலத்து வண்டி இது."

"முன்பக்கம், இஞ்சினுக்குப் பக்கத்துலன்னு வருது. பதிவும் மாறிடுச்சும்மா. இனி இது தடவலை வண்டி. திருப்பி மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

குமுதவல்லி இறங்கி முன்மூடியைத் திறந்தாள். கார்புரேட்டர்கள் எப்போதும்போல் அழுக்காக இருந்தன. அவள் முந்தானை நுனியால் பின்பக்கத்துக் கார்புரேட்டரை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். அழுக்கு முழுவதும் துணியில் வந்துவிட்டது. உள்ளே வெள்ளியாகப் பளபளத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள்.

முதல் மணியிலேயே அவர் எடுத்தார்.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

நஞ்சப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். "திரும்பி வந்துரு குமுதா. ஊட்டுக்கு வா, பேசிக்கலாம். மகிழினிகிட்ட நான் சொல்றேன், அவளை எறங்கி வரச்சொல்லலாம்…"

"இந்த மாசத்துல அவளை அந்தச் சரிவுல பதினாலு கிலோமீட்டர் நடந்து எறங்கச் சொல்றீங்களா?"

அதை அவர் யோசிக்கவில்லை. போட்ட கணக்கில் அந்தத் தூரம் இல்லவே இல்லை.

"குமுதா…"

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"ம்."

"ராத்திரி மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்குது. மறந்துராதீங்க."

போன் அடங்கியது. கோபத்தில் வைத்துவிட்டாள், வந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். இஞ்சின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்குமேல் ஆக்னஸிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், அம்மா நடந்து மேல போயிட்டாங்க. விதிப்படி மூணு தடவை கேட்டேன் சார். 'நடந்து போனா திரும்ப முடியாதும்மா, வீட்டுல சார் இருக்காரும்மா'ன்னேன். மூணு தடவையும் 'தெரியும் கண்ணு'ன்னாங்க. வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கு."

நஞ்சப்பன் போனை மடியில் வைத்தார். நெஞ்சுக்குள் சீராக்கி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

அன்று மாலை இருட்டும் நேரத்தில் குமுதவல்லி கருங்கொம்பைக்குப் போய்ச் சேர்ந்தாள். சரிந்த பாதையில் ஓரிடத்தில் கால் வழுக்கி முழங்கால் பிசகியிருந்தது. கடைசித் தொலைவை, அவளைக் காணோமென்று தேடி வந்த பொன்னனும் அவன் மாமனும் தூக்கிப் போனார்கள். அந்த முழங்கால் பிறகு சரியாகவே இல்லை.

சொன்ன தேதியில் குழந்தை பிறக்கவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் பூனாவிலிருந்து பெட்டி வந்துவிட்டது. அவர் பயந்த அளவுக்குச் சான்று தாமதமாகவில்லை. காவல்காரர்கள் வீட்டுக்கு இழுத்துவந்து விட்டிருந்த காரில் நஞ்சப்பன் அந்தப் பழைய கார்புரேட்டரை மாட்டினார். கூடவே ஜெபராஜ் செய்த இன்னொன்றையும் கழற்றிவிட்டு முன்பக்கத்துப் பழையதையே போட்டார். ஒரு பகல் முழுவதும் இஞ்சினை ஓடவிட்டார். அடியில் விரித்திருந்த வெள்ளைக் காகிதம் நனையவில்லை. சான்று அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே கேட்டார். பதிவு முன்னோக்கி மட்டும்தான் போகும், ஒருமுறை புது வண்டியானது திரும்ப மூலநிலைக்கு வராது என்றார்.

பிறகுதான் வலி கண்டது. பள்ளிக்கூடத்து ரேடியோ பேசியில் பொன்னன் கூப்பிட்டான். மேலே இருந்து பேச அது ஒன்றுதான் வழி; சூரியத் தகடு பேட்டரியை நிரப்பிய நாட்களில் குடும்பத்துக்கு ஒரு முறை.

"பொண்ணு மாமா. கொடி கழுத்துல சுத்திக்கிட்டு வந்துச்சு. நீலமா இருந்துச்சு. அத்தைதான்… அத்தை இல்லேன்னா இன்னிக்கு ரெண்டு பேரும் இல்ல மாமா."

தான் யாரைத் தடுக்கப் பார்த்தோம் என்பது நஞ்சப்பனுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

சில வாரங்கள் கழித்துக் குமுதவல்லியே பேசினாள். பேத்திக்குத் தலைமுடி எவ்வளவு அடர்த்தி, மகிழினிக்குப் பால் எப்படிச் சுரக்கிறது என்பதையெல்லாம் வார்டில் ஒரு குடும்பத்தாருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் சொல்லியிருக்கணும் குமுதா" என்றார்.

"சொல்லியிருந்தா நான் ஒழுகற வண்டியில போயிருப்பேன். அதனாலதான் சொல்லல. புரியுதுங்க."

"நீ எரிஞ்சு போயிருவேன்னு பயந்தேன்."

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே. ஒரு தடவைகூட அந்த வார்த்தை உங்க வாயில வரலை. பசை புடிச்சுக்கிச்சுன்னீங்க."

"எம்மேல கோவமா?"

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"கோவம் இருந்தாத் தேவலையே. உங்களை நெனச்சாப் பாவமா இருக்குது. அங்க தனியா என்ன சாப்பிடறீங்களோன்னு இருக்குது. ஆனா உங்களை நம்பி வண்டியெடுத்த காலையை நெனச்சா, மனசு ஒட்டமாட்டேங்குது. ரெண்டும் சேந்தே இருக்குது." குழந்தையின் சிணுங்கல் அடங்கியது. "இந்தக் காலு இனி கேட்டு வரைக்கும் எறங்காதுங்க. நீங்களும் ஏற நெனைக்காதீங்க. பாப்பாவுக்குத் தாத்தா குரலாவது கேக்கணும்."

பேட்டரி இறங்கிவிட்டது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் தடவலை ஆட்கள் வந்து காரில் தானாக ஓட்டும் கருவியைப் பொருத்தினார்கள். இஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தார்கள். அது முடிந்து பல நாட்கள் வரை நஞ்சப்பன் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் காலையில் போய் ஏறி உட்கார்ந்து, "மலை கேட்" என்றார். குமுதவல்லி பிடித்த ஸ்டீயரிங் அவர் பக்கத்தில் யாரும் தொடாமலே திரும்பியது. கொண்டை ஊசி வளைவுகளில் கார் குலுங்கக்கூட இல்லை.

கேட்டில் ஆக்னஸ் அவரை அடையாளம் கண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் சாலை உடைந்து, புல் முளைத்து, மேலே ஏறிப் போனது. உச்சியில் மேகம் கிடந்தது.

"இங்கிருந்து ஊரு தெரியாது சார்" என்றாள் ஆக்னஸ்.

"அம்மா போனப்ப நீ பாத்துட்டு இருந்தியாம்மா?"

"பாத்துட்டுதான் சார் இருந்தேன். ரெண்டு பையையும் தோள்ல போட்டுக்கிட்டாங்க. அந்த வளைவு வரைக்கும் தெரிஞ்சாங்க."

"திரும்பிப் பாத்தாளா?"

"வளைவுல நின்னாங்க சார். திரும்பிப் பாக்கப் போறாங்க, எறங்கி வந்துருவாங்கன்னு நெனச்சேன். குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணிக்கிட்டுப் போயிட்டாங்க."

நஞ்சப்பன் தலையசைத்தார். வளைவில் ஒரு காட்டுச் செடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கேட்டில் தானோடிகள் அதிக நேரம் நிற்க அனுமதி இல்லை. அவருக்குப் பின்னால் கார் சத்தமில்லாமல் ஊர்ப்பக்கம் திரும்பி நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.